வீட்டருகே கிளினிக்கா, வேப்பேரியா, இரவு மருத்துவமனையா: நாயையும் பூனையையும் யாரிடம் காட்டுவது?

நாயோ பூனையோ வீட்டுக்கு வந்ததும் பெயர் வைக்கிறோம், தட்டு வாங்குகிறோம், படுக்கை போடுகிறோம். அதன் டாக்டர் யார் என்பதை மட்டும் நோய் வரும் வரை தள்ளிப்போடுகிறோம். பிறகு நள்ளிரவில் எந்த இடம் திறந்திருக்கிறதோ அங்கே ஓட வேண்டியிருக்கிறது. ஆற அமர யோசித்து எடுக்க வேண்டிய முடிவு இது.

சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் இருப்பவர்களுக்கு ஐந்து வழிகள் உண்டு: வீட்டருகே ஒரே டாக்டர் நடத்தும் கிளினிக், அரசு கால்நடை மருந்தகம், வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை, பல டாக்டர்கள் முறைவைத்துப் பார்க்கும் 24 மணி நேரத் தனியார் மருத்துவமனை, வீட்டுக்கே வரும் டாக்டர். மற்ற ஊர்க்காரர்கள் வேப்பேரிக்குப் பதிலாக நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரிகளை வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெரும்பாலான வீடுகளுக்கு அருகில் இருக்கும் ஒற்றை டாக்டர் கிளினிக்தான் அடித்தளமாக இருக்க வேண்டும். அவசரம் தவிர, மற்ற இடங்களுக்கு அவர் சொல்லித்தான் போக வேண்டும். வருடக்கணக்கில் ஒரே பிராணியைப் பார்த்து வருபவருக்கு அதன் பழைய எடை தெரியும், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று தெரியும், வழக்கமாகத் துள்ளும் நாய் இன்று மேசையில் அசையாமல் நிற்பதே ஒரு நோய்க்குறி என்பதும் தெரியும். எந்த ஸ்கேனிலும் இது வராது. ஆனால் அந்த டாக்டர் நம்பத் தகுந்தவராக இருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது.

வீட்டருகே இருக்கும் டாக்டரை எப்படி எடைபோடுவது

முதலில் பதிவு. 1984-ஆம் ஆண்டின் இந்திய கால்நடை மருத்துவ கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்றவர்தான் கால்நடை மருத்துவம் பார்க்கலாம். கால்நடை மருத்துவப் பட்டமான பி.வி.எஸ்ஸி. அண்ட் ஏ.எச். பயிற்சிக்காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுப் படிப்பு. மாநில கவுன்சில் பதிவு எண் பெயர்ப்பலகையிலோ மருந்துச் சீட்டிலோ இருக்கும். இல்லாவிட்டால் கேட்கலாம், தவறில்லை. டாக்டரிடம் உதவியாளராக இருந்து ஊசி போடப் பழகியவர்கள் தனியாகவே வீடு வீடாகப் போவதும் நடக்கிறது. அவர்கள் போடும் வெறிநோய் ஊசி எந்த ஃப்ரிட்ஜில் இருந்தது, எவ்வளவு நேரம் பையில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. தடுப்பூசி 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். வெயிலில் கெட்டுப்போன ஊசி பார்வைக்கு நல்ல ஊசி போலவே இருக்கும். நாய்க்குப் பாதுகாப்பு இருக்காது, ஊசி போட்டாகிவிட்டது என்ற நிம்மதி மட்டும் நமக்கு இருக்கும். வெறிநோயைப் பொறுத்தவரை அது உயிருக்கே ஆபத்து.

பிராணி நலமாக இருக்கும்போது, குடல்புழு மருந்துக்கோ தடுப்பூசிக்கோ முதல்முறை போங்கள். டாக்டர் முதல் ஐந்து நிமிடத்தில் என்ன செய்கிறார் என்று பாருங்கள். எடை போடுகிறாரா? பெரும்பாலான மருந்துகளின் அளவு எடையைப் பொறுத்ததுதான். பத்துக் கிலோ நாயைக் கண்ணளவில் பதினான்கு என்று எடுத்தால் நாற்பது சதவீதம் அதிக மருந்து உள்ளே போகும். காய்ச்சல் பார்க்கிறாரா? நாயின் இயல்பான உடல்சூடு ஏறத்தாழ 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். நம் கைக்கு எப்போதும் சூடாகத்தான் தெரியும், தெர்மாமீட்டர் இல்லாமல் சொல்ல முடியாது. ஈறின் நிறத்தைப் பார்த்து, விரலால் அழுத்தி விட்டு, இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்புகிறதா என்று பார்ப்பவர், கழுத்தடியிலும் முழங்காலுக்குப் பின்னும் நெறிகட்டியிருக்கிறதா என்று தடவுபவர், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்து அமைதியாகக் கேட்பவர்: இவர் கையில் பிராணியைக் கொடுக்கலாம். வாசலிலேயே அறிகுறியைக் கேட்டுவிட்டு ஊசியை எடுப்பவரிடம் இரண்டாவது முறை போக வேண்டாம்.

தடுப்பூசி போடும்போது குப்பியை உங்கள் எதிரில் எடுத்து, பொடியையும் திரவத்தையும் அங்கேயே கலந்து போட்டு, குப்பியின் ஸ்டிக்கரைப் புத்தகத்தில் ஒட்டித் தேதியும் கையெழுத்தும் இட வேண்டும். சென்னை மாநகராட்சியின் செல்லப்பிராணி உரிமத்துக்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று தேவை என்பதால் அந்தப் பக்கம் பிறகும் பயன்படும். குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும் வரை தொடர வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசிகளை முறித்துவிடக்கூடும் என்பதால்தான் கடைசி ஊசி அவ்வளவு முக்கியம். “இரண்டு போட்டாச்சு, போதும்” என்று நிறுத்திய வீடுகளில் நான்கு மாதக் குட்டிக்கு பார்வோ (வாந்தியும் ரத்தபேதியும் வரும் கொடிய வைரஸ் நோய்) வருவது இதனால்தான். இதை விளக்கிச் சொல்ல நேரம் ஒதுக்கும் டாக்டர், மற்றவற்றிலும் அப்படித்தான் இருப்பார்.

அடுத்தது மருந்துச் சீட்டு. போட்ட ஊசியின் பெயர், அளவு, நேரம் மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். பெயர் சொல்லாமல் போடும் ஊசியில் பல நேரம் இருப்பது ஸ்டீராய்டு. சொறிந்துகொண்டே இருக்கும் நாய்க்கு அது ஒரே நாளில் பலன் தரும். வீட்டில் எல்லோருக்கும் டாக்டர் மேல் மரியாதை கூடும். இரண்டு வாரத்தில் அரிப்பு திரும்பும், மறுபடி ஊசி. இப்படியே மாதக்கணக்கில் போனால் தண்ணீர் அதிகம் குடித்து, வயிறு தொங்கி, முடி கொட்டி, தசை கரையும். தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் சிரங்குப் பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பவர், உண்ணி மருந்து ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று விசாரிப்பவர், “குணமாக ஆறு வாரம் ஆகும்” என்று சொல்பவர் உடனடிப் புகழை விட்டுக்கொடுத்து வைத்தியம் பார்க்கிறார். நம்மூரில் நேர்மையான டாக்டரை அடையாளம் காண இதைவிட நல்ல சோதனை இல்லை.

உண்ணிக் காய்ச்சல் இன்னொரு சோதனை. நாய் சாப்பிடவில்லை, காய்ச்சல், மந்தம். காய்ச்சலுக்கு மட்டும் ஊசி போட்டால் இரண்டு நாள் தேறிவிட்டு மறுபடி படுத்துவிடும். பிறகு ஈறு வெளுக்கும், மூக்கில் ரத்தம் வரும். நல்ல டாக்டர் முதல் நாளே ரத்தம் எடுத்துத் தட்டணுக்களை எண்ணச் சொல்வார், ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, உண்ணி பரப்பும் கிருமிகளான எர்லிக்கியாவோ பபீசியாவோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார். இரண்டுக்கும் மருந்து வேறு. எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் பொதுவாக 28 நாள். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுக்கும். ஏழாம் நாள் நாய் ஓடியாடத் தொடங்கியதும் மாத்திரையை நிறுத்திவிடுவது நாம்தான். அந்தத் தவறு டாக்டருடையது அல்ல.

இந்த கிளினிக்குகளின் குறை என்ன? டாக்டர் ஒருவரே. இரவில் பூட்டியிருக்கும். ட்ரிப்ஸ் ஏற்றி இரவு முழுக்கப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. எல்லாவற்றையும்விட, அறுவை செய்பவரும் மயக்கத்தைக் கவனிப்பவரும் ஒருவராக இருப்பது பெரிய குறை. இளம் நாய்க்குக் கருத்தடை என்றால் அனுபவமுள்ளவர் நன்றாகவே செய்வார். வயதான நாய், இதய நோயுள்ள நாய், கருப்பையில் சீழ் கட்டியது போன்ற பெரிய அறுவைக்கு, மயக்கத்தைப் பார்க்கத் தனி ஆள் இருக்கும் இடமே சரி. எந்த அறுவைக்கும் முன்பு நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: மயக்கத்தின்போது யார் கவனிப்பார்கள், மூச்சுக்குழலில் டியூப் போடுவீர்களா, ஆக்சிஜன் இருக்கிறதா, கண் விழிக்கும் வரை யார் பக்கத்தில் இருப்பார்கள்?

சிப்பிப்பாறை, கன்னி வகை நாய்களை வளர்ப்பவர்களுக்கு ஐந்தாவது கேள்வியும் உண்டு: எந்த மயக்க மருந்து? கிரேஹவுண்ட் போன்ற ஒல்லி வேட்டை நாய்களின் உடலில் கொழுப்பு மிகக் குறைவு. தயோபென்டோன் கொடுத்தால் தெளிய நெடுநேரம் ஆகும். நம் நாட்டு வேட்டை நாய்களும் அதே உடல்வாகு. இதை நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லும் டாக்டர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

மாட்டாஸ்பத்திரி

ஊர்ப்புறத்தில் மாட்டாஸ்பத்திரி என்று சொல்லப்படும் அரசு கால்நடை மருந்தகத்தை நகரத்து நாய் வளர்ப்பவர்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை. வெறிநோய்த் தடுப்பூசிக்கும் குடல்புழு மருந்துக்கும் சிறு காயத்துக்கும் அது போதுமானது, செலவும் மிகக் குறைவு. மாடு, ஆடு, கோழி என்றால் முதல் இடமே அதுதான். கஷ்டமான கன்று ஈனலில் கை வைத்துத் திருப்பி எடுக்கும் பழக்கம் அங்கிருக்கும் டாக்டருக்கு இருக்கும் அளவு நகரத்துச் செல்லப்பிராணி டாக்டருக்கு இருக்காது. மாடு படுத்துவிட்டால் 1962-க்கு அழைத்தால் நடமாடும் ஊர்தி வரும்.

குறை டாக்டரிடம் இல்லை, வேலைச் சுமையில் இருக்கிறது. சினை ஊசி, கோமாரித் தடுப்பூசி முகாம், காப்பீட்டுக்கான பிரேதப் பரிசோதனை, கணக்கெடுப்பு எல்லாம் அதே ஒருவர் தலையில். போவதற்கு முன் அவர் மருந்தகத்தில் இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டு போங்கள். எக்ஸ்ரே, ஸ்கேன் வேண்டுமென்றால் மாவட்டத்தின் பன்முக மருத்துவமனைக்கு அனுப்புவார்.

மாட்டு வைத்தியத்தில் நம்பகத்தன்மையை அறிய இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, ஆன்டிபயாடிக் போட்டால் எத்தனை நாள் பாலைக் கறந்து கொட்ட வேண்டும் என்று சொல்கிறாரா? பால்காரருக்குப் பிடிக்காத சொல் அது. சொல்பவரை மதிக்க வேண்டும். இரண்டு, வலிக்கு எந்த ஊசி? டைக்ளோஃபினாக் போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகின் சிறுநீரகம் செயலிழந்து கழுகும் சாகும். கால்நடைகளுக்கு அந்த மருந்தை 2006-இல் தடை செய்தார்கள். மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை மாட்டுக்குப் போடுவது தொடர்ந்ததால் 2015-இல் குப்பியின் அளவை 3 மில்லியாகக் குறைத்தார்கள். 2023-இல் கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகியவற்றுக்கும் தடை வந்தது. மெலாக்சிகாம் என்ற வலி மருந்து கழுகுகளுக்குப் பாதுகாப்பானது. நீலகிரி, ஈரோடு, மோயாறு பக்கம் மாடு வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டே ஆக வேண்டும். அங்கே இன்னும் கழுகுகள் கூடு கட்டுகின்றன.

வேப்பேரி

1903-இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி, 1989 முதல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது. கண், எலும்பு, இதயம், தோல் என்று தனித்தனித் துறைகள். நாய்களுக்கான ரத்த வங்கி, டயாலிசிஸ் வசதி எல்லாம் ஓரிடத்தில். வெளியே பெருந்தொகை ஆகும் சிகிச்சை இங்கே சாதாரணக் குடும்பத்தால் தாங்கக்கூடிய செலவில் கிடைக்கிறது. புரியாத நோய், எலும்பு முறிவு, சிறுநீரகக் கோளாறு என்றால் தமிழ்நாட்டில் இதற்கு இணையான இடம் குறைவு.

கூட்டம் அதிகம். காலையிலேயே போய் ஓபி சீட்டு வாங்கினால்தான் ரத்தப் பரிசோதனை முடிவு அன்றே கையில் வரும். முதலில் பார்ப்பவர் மாணவராகவோ பயிற்சி டாக்டராகவோ இருப்பார். இது போதனா மருத்துவமனை. இதில் பயப்பட எதுவும் இல்லை, மேலே பேராசிரியர் பார்க்கிறார். ஆனால் ஒவ்வொரு வருகையிலும் ஆள் மாறுவார், கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். அதனால்தான் வெறுங்கையோடு போகக் கூடாது என்கிறோம். உங்கள் கிளினிக் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிப் போங்கள்: என்ன மருந்து, எவ்வளவு, எந்தத் தேதியில், கடைசி ஊசி எப்போது. நேற்று ஸ்டீராய்டு போட்டது தெரியாமல் இன்று வேறொருவர் மெலாக்சிகாம் கொடுத்தால் நாயின் இரைப்பையில் புண் வந்து ஓட்டையே விழக்கூடும். ஒரு வரிக் குறிப்பு அதைத் தடுக்கும்.

தடுப்பூசி முடியாத குட்டியைத் தரையில் விடாதீர்கள். பார்வோ வைரஸ் தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், பினாயிலுக்குச் சாகாது. வீட்டைக் கழுவ வேண்டி வந்தால், அழுக்கை முதலில் துடைத்துவிட்டு, முப்பது பங்கு தண்ணீரில் ஒரு பங்கு ப்ளீச் திரவம் கலந்து பத்து நிமிடம் ஊறவிட வேண்டும்.

24 மணி நேரத் தனியார் மருத்துவமனை

சில நோய்களுக்கு மணிக்கணக்குதான் அவகாசம். பெரிய ஜாதி நாய் வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்று நுரை மட்டும் வந்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கிறது. உடனே அறுவை வேண்டும். ஆண் பூனை மணல்பெட்டிக்குத் திரும்பத் திரும்பப் போய் முக்கியும் ஒரு சொட்டு வராவிட்டால் சிறுநீர் அடைப்பு. அதை மலச்சிக்கல் என்று நினைத்து ஒரு நாள் பொறுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடக்கூடும். பார்வோவில் ரத்தப்போக்கோடு துவண்ட குட்டி, குட்டி வெளியே வராமல் அரை மணி நேரத்துக்கு மேல் பலமாக முக்கும் தாய், பாம்புக்கடி: இவற்றுக்கு ஆளும் கருவியும் இரவும் பகலும் இருக்கும் இடம்தான் சரி. அந்த நேரத்தில் விசுவாசத்துக்காக உங்கள் டாக்டரின் பூட்டிய கிளினிக் வாசலில் நிற்பது பிராணிக்குச் செய்யும் துரோகம். நல்ல டாக்டரே அதை விரும்பமாட்டார்.

கிளம்பும் முன் போன் செய்து, அறுவை செய்பவர் இப்போது இருக்கிறாரா, பாம்பு விஷமுறிவு மருந்து கையிருப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். பலகையில் 24 மணி நேரம் என்று எழுதியிருந்தாலும் இரவில் பயிற்சி டாக்டர் ஒருவர் மட்டும் இருக்கும் இடங்கள் உண்டு. பாம்பு கடித்த நாயை நடத்திக் கூட்டிப்போகாதீர்கள், தூக்கிப் போங்கள். கட்டுப் போடவோ கீறவோ வேண்டாம்.

அங்கே போனபின் பணப் பேச்சைக் கூச்சப்படாமல் முதலிலேயே முடித்துவிடுங்கள். மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். இந்தத் தொகையைத் தாண்டும்போது என்னிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்று சொல்லுங்கள். ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரே கேள்வி: “இதன் முடிவு வந்தால் சிகிச்சை எப்படி மாறும்?” மாறும் என்றால் செய்யுங்கள். டிஸ்சார்ஜ் தாளையும் பரிசோதனை முடிவுகளையும் மறுநாளே உங்கள் வழக்கமான டாக்டரிடம் கொடுங்கள்.

வீட்டுக்கு வரும் டாக்டர், மெடிக்கல் ஷாப்

தூக்க முடியாத பெரிய வயதான நாய், கூடையைக் கண்டாலே மிரளும் பூனை, தடுப்பூசி, கருணைக் கொலைக்கான கடைசி ஊசி ஆகியவற்றுக்கு வீட்டுக்கு வரும் டாக்டர் வரம். அவசரத்துக்கு வேண்டாம், அவர் வந்து பார்த்து ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லும் நேரத்தில் நீங்களே போய்விடலாம்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மனிதர் மாத்திரை கொடுப்பதை ஒரு வழியாகவே எண்ணாதீர்கள். 500 மில்லிகிராம் பாராசிட்டமால் ஒன்றே பூனையைக் கொல்லப் போதும்: ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் ஈறு பழுப்பாகி, முகம் வீங்கி, மூச்சுத் திணறும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

கருணையையும் அளந்து பார்க்கலாம்

இனிமையாகப் பேசுவது மட்டும் கருணையாகிவிடாது. கருத்தடைக்குப் பிறகு வலி மருந்து கொடுத்தனுப்புகிறாரா என்று பாருங்கள். பிராணி முனகாவிட்டாலும் வலி இருக்கிறது, பூனை அதை மறைத்துக்கொள்ளும். மிரண்ட நாயை நான்கு பேர் அமுக்கிப் பிடிப்பதா, இல்லை தரையில் உட்கார்ந்து, வாய்க்கட்டு போட்டு, தேவைப்பட்டால் லேசாக மயக்கம் கொடுத்துப் பார்ப்பதா? தெருநாயைக் கொண்டுவந்தவரிடமும் அதே அக்கறையோடு பேசுகிறாரா? “இது என்னால் ஆகாது, வேப்பேரிக்குப் போங்கள்” என்று சொல்லும் துணிவு இருக்கிறதா? வருமானம் போகும் என்று தெரிந்தும் அதைச் சொல்பவரின் மற்ற சொற்களையும் நம்பலாம்.

கடைசிக் கட்டத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். மீள முடியாத நோயில் ட்ரிப்ஸ் மேல் ட்ரிப்ஸ் ஏற்றி நாட்களை நீட்டாமல், தானாகச் சாப்பிடுகிறதா, எழுந்து நிற்கிறதா, கெட்ட நாட்கள் நல்ல நாட்களைத் தாண்டிவிட்டனவா என்று உங்களோடு உட்கார்ந்து பேசுபவர் அரியவர். கருணைக் கொலைக்கு முதலில் மயக்க ஊசி, நன்றாகத் தூங்கிய பிறகே நரம்பில் மருந்து என்பதுதான் முறை. வீட்டார் பக்கத்தில் இருக்க விரும்பினால் இருக்க விட வேண்டும்.

அப்படி ஒருவர் உங்கள் தெருவிலேயே இருந்தால் அவரைத் தக்கவைப்பது உங்கள் கையில். வாட்ஸப்பில் படம் அனுப்பி இலவச வைத்தியம் கேட்காதீர்கள். ஆலோசனைக்கும் பீஸ் கொடுங்கள். மூன்று நாளாக இருக்கும் அரிப்புக்கு இரவு பதினொரு மணிக்கு அழைக்காதீர்கள். கோழி எலும்பு போட்டதையும், நேற்று வேறு இடத்தில் ஊசி போட்டதையும் மறைக்காதீர்கள். அந்தப் பொய்யால் பாதிக்கப்படுவது பிராணிதான். கடிக்கும் நாய் என்றால் வாய்க்கட்டோடு கூட்டிவாருங்கள், அவர் கை அவருடைய பிழைப்பு. மருந்து முடிந்ததும் என்ன ஆயிற்று என்று ஒரு செய்தி அனுப்புங்கள். தேறிய பிராணியை மறுபடி யாரும் கொண்டுவருவதில்லை, இறந்ததை யாரும் சொல்வதில்லை. தான் கொடுத்த மருந்தின் முடிவு தெரியாமலேயே அவர்கள் அடுத்த நாயைப் பார்க்கிறார்கள். பிராணி இறந்துபோயிருந்தாலும் சொல்லுங்கள். அடுத்து அதே நோயோடு வரும் நாய்க்கு அது உதவும்.

இந்த வாரமே செய்யக்கூடியது: அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது, “இரவில் அவசரம் என்றால் எங்கே போகட்டும்?” என்று அவரிடமே கேளுங்கள். அவர் சொல்லும் இடத்தின் எண்ணையும் 1962-ஐயும் தடுப்பூசிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி, கடைசியாகப் பார்த்த எடையையும் தேதி போட்டுக் குறித்துவையுங்கள்.